முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டவர்

மாமாவின் நகக்கண்ணில் எப்போதும் மணல் இருக்கும். கடற்கரை மணல் அல்ல. கல்லறைத் தோட்டத்து மணல், சற்றுக் கருத்தது. ஊர்க் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவன் முகத்தைப் பார்த்தபடியே, ஓர் ஈர்க்குச்சியால் அந்த மணலைக் கிண்டி எடுத்துக்கொண்டிருப்பார். என் அம்மாவுக்கு அண்ணன் அவர். ஊருக்குத் தலைவர். ஊரில் எவர் இறந்தாலும் குழி வெட்டுகிறவரும் அவர்தான்.

தூத்துக்குடியிலிருந்து பெரியதாழைக்குப் போகிற கரையில் எங்கள் ஊர். எல்லாரும் கத்தோலிக்கர், எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். கல்லறைத் தோட்டம் முழுக்க மணல்தான். வெட்ட வெட்டச் சரியும். இரண்டு பக்கமும் பனம்பலகை கொடுத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே இறங்கி அள்ள வேண்டும். பலகை பிடிக்கிறவன் கை தளர்ந்தால் உள்ளே நிற்கிறவன் இடுப்பளவு புதைவான். முன்பெல்லாம் இதற்கு வெளியூரிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். ஊரார் தொடமாட்டார்கள், கேவலம் என்று. ஒரு மழைக்காலத்தில் யாருமில்லாத ஒரு கிழவி இறந்துபோனாள். அந்த ஆள் வரவில்லை. அப்போது இளவட்டமாக இருந்த மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த வேலையை அவர் விடவில்லை. விடியற்காலை முதல் மணி அடிக்குமுன் கோவிலைக் கூட்டுவார். யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. கொஞ்ச காலம் சிரித்தார்கள். பிறகு ஒருவன் தண்ணீர் கொண்டுவந்தான், ஒருவன் பலகை பிடிக்க வந்தான். அப்படியே போய், ஒரு வருஷம் ஊர் அவரையே தலைவராக்கியது. திருவிழாவில் தலைவருக்குத்தான் முதல் மாலை. அதைக் கழுத்தில் வாங்கி, பக்கத்தில் நிற்கும் வயசாளி ஒருவருக்குப் போட்டுவிட்டு, சப்பரத்துக்குப் பின்னால் தெருவில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டு வருவார். "தலைவரே, அந்தத் தொடப்பத்தக் கீழ போடும், படம் எடுக்கணும்" என்பார்கள். "தொடப்பத்தோட எடுல. அதுவும் ஊர்ச் சொத்துதானே" என்பார்.

அவர் தலைவராக இருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கட்டு வந்தது. ஊர் போட்டுக்கொள்ளும் விதியைக் கட்டு என்போம். சனிக்கிழமை மாலை மணி அடித்தபின் ஞாயிறு முடியும்வரை எந்த வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது. மீறினால் பூசை முடிந்ததும் கோவில் முகப்பில் எரிகிற மெழுகுதிரியோடு நின்று ஊராரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் குடும்பம் ஊரை விட்டுத் தள்ளி. யாரும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. அவர்கள் மீனை ஏலத்தில் எடுக்கக் கூடாது. அந்த வீட்டில் சாவு விழுந்தால் துக்க மணி கிடையாது. பிணத்தைச் சுமக்கிற ஊர்ப் பெட்டியைத் தூம்பா என்போம், அதுவும் கிடையாது. அந்த வீட்டுக்கு உதவப் போகிறவனும் தள்ளி. கட்டை இவ்வளவு கடுமையாக வைத்தது மாமாதான். கடுமையாக வைத்தால் யாரும் மீறமாட்டான் என்று நினைத்தார். முதலில் மீறியது ஓர் இளவட்டம். அவன் திரியோடு நின்ற அன்று, மாமாவும் ஒரு திரியைக் கொளுத்திக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தனியா நின்னா பயலுக்குக் கூச்சமா இருக்கும்லா" என்றார். ஊரே கரைந்துபோயிற்று. நானும் அன்று அழுதேன்.

அடுத்து மீறியது என் அப்பா. சனிக்கிழமை போட்ட வலை பாரில், அதாவது கடலுக்கடியில் இருக்கும் பாறையில், மாட்டிக்கொண்டது. இருட்டிவிட்டதால் விட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகப் போய் வலையைக் கழற்றிக்கொண்டு வந்தார். வலையில் மீன் இருந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள். சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினார்.

"மச்சான், வார ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு சும்மா ஒரு நிமிசம் நில்லும். நானும் பக்கத்துல நிக்கேன்."

"எதுக்கு?"

"கட்டு கட்டுதானே."

"நான் வலைய எடுக்கப் போனேன். மீன் பிடிக்கப் போகல்ல."

"வலையில மீன் கெடந்துச்சே."

"கெடந்தா? இன்னைக்கு ஞாயித்துக்கெழம, வராதியன்னு மீனுகிட்டப் போயி நான் சொல்லணுமோ?"

அம்மா சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் நிற்கமாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. தப்புச் செய்யாதவன் எதற்குத் திரி பிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லாரும் ஒரு காரணம் சொன்னால் கட்டு எதற்கு என்பது மாமாவின் கணக்கு. இரண்டிலும் நியாயம் இருந்தது. இன்றுவரை அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் என் மனசு என்றைக்கோ ஆறியிருக்கும்.

அப்பா நிற்கவில்லை. எங்கள் வீட்டைத் தள்ளி வைக்க யார் யாருக்குச் சம்மதம் என்று கூட்டத்தில் கேட்டபோது முதலில் ஏறிய கை மாமாவுடையது. சொந்தத் தங்கை வீடு என்பதால்தான் முதலில் தூக்கினார் என்று நினைக்கிறேன். நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எங்க அண்ணன் கையா மொதல்ல ஏறுச்சு?" தலையாட்டினேன். அவள் மீன் ஆயப் போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. அப்பா அதைவிடக் குறைவாகப் பேசினார். அவர் வாலிபத்தில் சங்கு குளித்தவர். குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் இருந்து ஒருவன் பிடித்திருக்க வேண்டும். எங்கள் கரையில் பெண்டாட்டியோடு பிறந்தவனைத்தான் அதற்கு வைப்பார்கள். தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று. அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் மாமா. கூட்டம் முடிந்த அன்று அப்பா சொன்னது ஒன்றுதான். "கயித்த விட்டுட்டாம்ல."

தள்ளி வைத்த வீட்டில் இருப்பது எப்படி என்றால், யாரும் அடிக்கமாட்டார்கள், யாரும் வையமாட்டார்கள். எதிரே வருகிறவன் செல்போனைப் பார்ப்பான். டீக்கடையில் நாம் நின்றால் பால் தீர்ந்திருக்கும். மீனைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விற்றோம். அப்பா பூசைக்கு மட்டும் தவறாமல் போனார். கோவிலுக்கு வராதே என்று சொல்ல ஊருக்கு உரிமை இல்லை. அவர் உட்காரும் வரிசையில் வேறு ஆள் உட்காரவில்லை. மழைக்காலம் வருமுன் ஒரு நாள் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். ஊருக்குள் ஆட்டோ நின்றது. வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோ வருவதற்குள் அவர் போய்விட்டார்.

பங்குச் சாமியார் அப்போது புதியவர், சின்ன வயசு. பூசை நான் வைக்கிறேன், மணியும் தூம்பாவும் ஊர்க் காரியம், அதில் நான் கைவைத்தால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும் என்றார். அவர் முகம் வேர்த்திருந்தது. பெட்டி டவுனிலிருந்து வாங்கினோம். ஆனால் ஊரில் யாரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். தலைவர் குழி வெட்டுவாரா, மாட்டாரா? வெட்டினால், தான் போட்ட கட்டைத் தானே உடைத்தவர் ஆவார். வெட்டாவிட்டால், ஊருக்கெல்லாம் வெட்டியவர் தங்கை புருஷனுக்கு வெட்டாதவர் ஆவார். அதைப் பார்க்கவே காலைப் பூசைக்குக் கூட்டம் வந்தது. வார நாளில் அப்படிக் கூட்டம் நான் பார்த்ததில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் முகப்பில் மாமா நிற்கிறார். கையில் மெழுகுதிரி. கடல்காற்றுக்கு அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஊராரே, நான் இன்னைக்கு என் மச்சானுக்குக் குழி வெட்டப் போறேன். கட்ட மீறப் போறேன். அதுக்கு இப்பவே மன்னிப்புக் கேக்கேன். நீங்க குடுக்காட்டியும் வெட்டத்தான் போறேன். ஊர்ச் சாவி இந்தா இருக்கு."

துணைத் தலைவர்தான் வாய் திறந்தார். "செய்யாத தப்புக்கு எப்பிடி மன்னிப்புக் குடுக்க? மீறினா ஒமக்கும் அதே கட்டுத்தான், தலைவரே."

"தெரியும். நான் போட்டதுதானே."

தலைவர் கையில் இருக்கும் கூட்ட அறைச் சாவியைப் படியில் வைத்தார். திரியை ஊதி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ஊரும் போயிற்று. போனதே தவிர உள்ளே போகவில்லை. ஆண்களெல்லாம் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள். பெற்ற பிள்ளை தகப்பனுக்குக் குழி வெட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இருந்தும் நான் உள்ளே போனேன். மாமா திரும்பிப் பார்க்காமலே, "அப்பாகிட்டப் போய் இரு" என்றார். நான் வாசலில் நின்றேன். அவர் இரண்டு பலகையையும் தனியாக ஊன்றி, கல்லை முட்டுக் கொடுத்து, உள்ளே இறங்கி அள்ளினார். சரிந்தது. பலகையை எடுத்து மறுபடி ஊன்றினார். மறுபடி சரிந்தது. முழங்கால்வரை மணலில் நின்று, சரிந்ததையே திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டிருந்தார். பலகை பிடிக்க அவரிடம் பழகிய அத்தனை பேரும் சுவரில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது அம்மா வந்தாள். அப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். தலை விரிந்து கிடந்தது. எங்கள் பெண்கள் குழி வெட்டுகிற இடத்துக்கு வருவதில்லை. மாமா நிமிர்ந்தார்.

"ஏளா, நீ எதுக்கு இங்கன வந்த? வீட்டுக்குப் போ."

"ஒன்கிட்டப் பேச வரல்ல. பலகையப் பிடிக்க வந்தேன்."

அவள் ஒரு பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். மாமா மறுபடி அள்ளத் தொடங்கினார். மறுபக்கம் இன்னும் சரிந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் தெருவில் மீன் விற்கிற பெரியம்மா ஒருத்தி உண்டு, வாய் பெரிது. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலே, செவுத்து மேல வரிசையா என்னல இருக்கிய, கொக்கா காக்காவா? நாளைக்கு ஒங்களுக்கு ஆரு வெட்டுவா? நீங்களே வெட்டி நீங்களே படுத்து நீங்களே மூடிக்கிடுவியளோ?"

ஒருவன் சிரித்தான். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் இறங்கவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மற்றப் பலகையைப் பிடித்தாள். என் அப்பாவின் குழியை வெட்டியவர்கள் அவர்கள் மூன்று பேர்தான். அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பியபின் மாமா மட்டும் நின்று மணலைக் கையாலேயே நிரவினார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மாமாவைத் தள்ளி வைத்தார்கள். பெரியம்மாவைத் தள்ளி வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, வாய்க்குப் பயந்து. மறுநாள் விடியற்காலை மாமா வழக்கம்போலக் கோவிலைக் கூட்டினார். அவர் கூட்டி முடித்துப் போனதும் புதுத் தலைவர் அனுப்பிய ஆள் ஒருவன் வந்து அதே இடத்தை மறுபடி கூட்டினான். தள்ளி வைத்தவன் கூட்டியது ஊர் கூட்டியதாக ஆகாதாம். நாள்தோறும் இப்படியே நடந்தது. மாமா கூட்டுவார், அவன் கூட்டுவான். மாமா சுத்தமாகக் கூட்டியிருந்ததால் அவன் துடைப்பத்தில் ஒன்றும் வராது. சும்மா வெறும் தரையைக் கூட்டிவிட்டுப் போவான். அடுத்த திருவிழா வந்தது. மாமா முன்கூட்டிக் கேட்ட மன்னிப்பையே எங்கள் வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டதாக எடுத்துக்கொண்டு, இரண்டு வீட்டையும் ஊர் சேர்த்துக்கொண்டது. அம்மா மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாமா வந்தால் சோறு வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், மீனில் நடுத்துண்டை எடுத்து வைப்பாள். பேசமாட்டாள். அவர் தலைவலி என்று சொன்னால் மாத்திரையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். பேச்சு மட்டும் கடைசிவரை கிடையாது.

அதற்குப் பிறகு அவருக்குப் பலகை பிடித்தது நான்தான். குழிக்குள் அவர் நிற்க, மேலே நான் நிற்பேன். பேச்சு அதிகம் இருக்காது. அவருக்குக் கை தளர்ந்த காலத்தில் ஒரு நாள், அப்பா குழிக்குப் பக்கத்திலேயே வெட்டிக்கொண்டிருந்தோம். பல வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாமா, நீங்க தலைவராத்தானே இருந்திய. அந்தக் கட்டையே எடுத்திருக்கலாமே. அப்பாவும் ஒருவேள இருந்திருப்பாவ."

அவர் அள்ளுவதை நிறுத்தினார்.

"எடுத்தா, மச்சானுக்காவ எடுத்தாம்னு சொல்லுவாவ."

"சொல்லட்டுமே."

"அதத்தாம்ல என்னால தாங்க முடியல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எந்த வேலைக்கும் குனிந்தவர் அவர். யாருடைய பிணத்துக்கும் இறங்கியவர். குற்றவாளியாக நிற்கக்கூட அவருக்குக் கூச்சம் இல்லை. ஓரவஞ்சனைக்காரன் என்ற ஒரு பெயரை மட்டும் அவரால் சுமக்க முடியவில்லை. அந்தப் பெயரைச் சுமந்திருந்தால் கட்டு போயிருக்கும். அவர் கட்டை மீறினார், தண்டனையை வாங்கிக்கொண்டார், கட்டு நின்றது. இது பெரிய குணமா, இதற்குள்ளும் ஒரு வீம்பு இருந்ததா என்று பலகையைப் பிடித்துக்கொண்டு பலநாள் யோசித்திருக்கிறேன். எனக்குப் படிப்பு இல்லை. பிடிபடவில்லை. அவரைப் பிடிக்காமல் போனதும் இல்லை.

மாமா இறந்தபோது ஊர் மணி நிற்காமல் அடித்தது. தூம்பாவைச் சுமக்க ஆண்களுக்குள் போட்டி. குழிக்குள் இறங்கியது நான். மருமகன் வெட்டலாம் என்றார்கள். பூசையில் சாமியார் சொன்னார், ஆளாமல் ஊழியம் செய்தே ஓர் ஊரை நடத்தியவர் என்று. உண்மைதான். அவர் படத்தைப் பெரிதாக்கிக் கூட்ட அறையில் மாட்டினார்கள். மாலை வாடினால் மாற்றுகிறார்கள். ஊரில் குழி வெட்டுவது இப்போது நான்தான். இளவட்டங்கள் பலகை பிடிக்க வருகிறார்கள். கோவிலைக் கூட்டவும் முறை போட்டிருக்கிறார்கள். அவர் செய்ததை ஊர் பழகிக்கொண்டது. கட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இருந்தது, இப்போது ஊர் தப்பு என்று சொல்கிற எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது.

போன மாதம் எங்கள் தெரு இளவட்டம் ஒருவன், ஊர்க் கமிட்டி ஆட்கள் சிலர் சுருக்குமடி வலை போடுகிறார்கள் என்று டவுனில் மீன்துறை ஆபீசில் போய் எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த வலைக்கு அரசாங்கத் தடை உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊர்ப் பேச்சை வெளியே கொண்டுபோனது தப்பு, திரி பிடி என்றார்கள். மாட்டேன் என்றான். கூட்டம் போட்டார்கள். நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. அன்று எழுந்தேன்.

"அந்தக் கட்ட எடுத்துருங்க" என்றேன்.

"ஏலே, ஊமை பேசுதுடோய்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். இப்போதைய தலைவர் என்னைவிட இளையவர். மரியாதையாகத்தான் சொன்னார். "அண்ணாச்சி, ஒங்க மாமா போட்ட கட்டு. அவுக படத்துக்குக் கீழ நின்னுகிட்டு நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

"அவுகளே மீறினாவ."

"மன்னிப்புக் கேட்டுட்டுத்தானே மீறினாவ. அதுலா அவுக பெருமை. எடுக்கச் சொல்லலியே."

எடுக்கச் சொல்லாத காரணம் எனக்குத் தெரியும். அதை அந்தப் படத்துக்குக் கீழே சொல்ல மனம் வரவில்லை. "இவன் எனக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. அதனாலதான் நான் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னேன். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் சில கைகள். பெரும்பாலும் பெண்கள். போதவில்லை. அவனைத் தள்ளி வைத்தார்கள்.

கூட்டத்திலிருந்து நேரே அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி டீ போட்டுத் தந்தாள். குடித்தேன். வீட்டுக்கு வருவதற்குள் ஆள் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை திரியோடு நிற்க வேண்டும் என்று. டீ குடித்ததற்கு மன்னிப்புக் கேட்க முடியாது என்று சொல்லியனுப்பினேன். என் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒங்க அப்பா நிக்கமாட்டேன்னாவ. ஒங்க மாமா நின்னுட்டு மீறினாவ. நீங்க இப்ப ஆரு?" "தெரியல, ஏளா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் திரி பிடிக்கவில்லை. திங்கட்கிழமை விடிய வள்ளத்தைத் தள்ளப் போனேன். வழக்கமாக நான் வருவதைக் கண்டதும் நாலைந்து பேர் தோள் கொடுக்க வருவார்கள். அன்று எல்லாரும் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். தனியாகத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் வந்து மறுபக்கம் தோள் கொடுத்தான். அவன் பின்னால் என் பெண்டாட்டியும் வந்தாள். எங்கள் கரையில் பெண்கள் வள்ளம் தள்ளுவதில்லை. மூன்று பேர் தள்ளினாலும் அது நகரவில்லை. "அலை வரட்டும், சித்தப்பா" என்றான் அவன். தோளை எடுக்காமல் நின்றோம். பெரிய அலை ஒன்று வந்து முன்பக்கத்தைத் தூக்கியபோது தள்ளினோம். ஒரு முழம் போயிற்று. அடுத்த அலைக்கு நின்றோம்.